காவிக்கட்டியில் வரைந்த சம்மனசு

பாரிசு, சேன்-ழாக் தெரு
1764 ஏப்ரல் 27

என் அன்பான கணவர் லம்பேர் அவர்களுக்கு,

ஆகாத் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோப்பன்ஹேகனில் பனி உருகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சாரத்தின் மேல் மல்லாந்து படுத்துக் கூரையில் வரைகிறவருக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? ஆட்டுத்தோலைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். மற்ற ஓவியர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் கடைச் செய்தி. போகும்முன் நீங்கள் அச்சுக்கடை முதலாளி முசியே தர்தீவெலிடம் கொடுத்துவிட்டுப் போன நம் பிள்ளை பிர்மேனின் படம் பாஸ்கா திருநாளுக்குள் மூன்றாம் முறையாக அச்சேறிவிட்டது. தேவதூதன் போல மேகத்தின் மேல் குப்புறப் படுத்து, ரோஜா மாலையை இழுத்துக்கொண்டு சிரிக்கிறானே, அந்தப் படம்தான். படுக்கையறைச் சுவர், விசிறி, மூக்குப்பொடி டப்பி என்று எங்கே பார்த்தாலும் அவன்தான். "உயிருள்ள குழந்தையைப் பார்த்து வரைந்தது" என்று அடியில் பொறிக்கச் சொல்லிவிட்டார் தர்தீவெல். அதோடு நிற்கவில்லை. "இன்னும் நாலு வேணும், ஆகாத். வசந்தம், கோடை, அறுவடை, குளிர். நாலுலயும் இதே பயல்தான். குளிர்லயும் துணி போட்டுடாதே, சம்மனசு தும்முறதைப் பார்க்க எவளும் கடைக்கு வரமாட்டா" என்கிறார்.

செம்புத் தகட்டில் பற்சக்கரத்தை உருட்டி, காவிக்கட்டியின் பொடி உதிர்ந்தது போல அந்தக் கன்னத்தில் புள்ளி வைத்தது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அவன் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் அவனை நான் பார்த்ததேயில்லை, லம்பேர். பேறுகாலக் காய்ச்சலில் ஆறு வாரம் கிடந்தேன். துணியில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலமும் அதன் நுனியில் ஒரு மூக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது. எட்டாம் நாள் நீங்களே தூக்கிக்கொண்டு போய்ப் பால்தாய் எத்மேயிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள். போவதற்கு முன்பே என் கட்டிலருகே உட்கார்ந்து, "சம்மனசு மாதிரி இருக்கான்" என்று சொல்லி, மூன்றாம் நாள் அவன் கட்டுகளை அவிழ்த்து வரைந்த படம் என்று இதைக் காட்டினீர்கள். அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிழைத்து எழுந்தேன்.

இப்போது கவலைச் செய்தி. கீழ்வீட்டு ரொட்டிக்கார மதாம் பென்ஷாரின் பெண் குழந்தையும் பர்கண்டியில்தான் பால்தாயிடம் இருந்தது. மாதா மாதம் "குழந்தை நலம், பல் வந்துவிட்டது" என்று கடிதம் வந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் தெரிந்தது, ஜனவரி மாதமே புதைத்துவிட்டார்களாம். பல் வந்துவிட்டது என்ற கடிதம் அதற்குப் பிறகு வந்தது. அவள் கடையில் நின்று ரொட்டியை எடுத்துக் கொடுத்தபடியே இதைச் சொன்னாள். நான் ரொட்டியை வாங்காமலே மேலே ஏறி வந்துவிட்டேன்.

வந்ததும் நம் எத்மேக்காக அவள் ஊர்ப் பங்குச் சாமியார் எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று. கடைசி நான்கும் ஒரே வாசகம். ஒரு சொல் கூட மாறவில்லை. குழந்தைகளை ஏற்றி இறக்கும் வண்டிக்கார த்ருஷோவைப் பிடித்துக் கேட்டேன். "கொழுகொழுன்னு இருக்காம்மா, உங்க பிள்ளைக்கு என்ன" என்றான். அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. குதிரையின் குளம்பைப் பார்த்துச் சொன்னான்.

இரண்டு வயது முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பேச்சை மீறுகிறேன் என்று கோபம் வேண்டாம். உங்கள் பதில் வருவதற்குள் ஆறு வாரம் ஓடிவிடும். மே ஏழாம் தேதி படகில் இடம் சொல்லிவிட்டேன். படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போகிறேன், அவனை அடையாளம் காண.

தேவமாதா நம் மூவரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஆகாத்


பாரிசு
1764 மே 18

என் கணவருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். படித்த அன்றே பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதப் போகும் பதிலை ஒரு நீதிக்காரர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படகில் மூன்று நாள். இறங்கி அரை நாள் நடந்தேன். எத்மேயின் வீடு திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, காட்டோரத்தில் இருக்கிறது. அவள் புருஷன் மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. "வாங்கம்மா, வாங்க. சொல்லியனுப்பியிருந்தா வீட்டைக் கூட்டி வெச்சிருப்பேனே" என்று ஏதேதோ பேசினாள்.

உள்ளே இரண்டு குழந்தைகள். ஒருவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். பொன்னிற முடி, கன்னத்தில் குழி, மணிக்கட்டில் நூல் கட்டியது போல மடிப்பு. லம்பேர், நான் செம்பில் புள்ளி புள்ளியாக வைத்த முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. "பிர்மேன்!" என்று ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

எத்மே அவனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "ஐயோ, இது என் மகன் சவினியேன். உங்க பிள்ளை இதோ" என்று, மூலையில் இருந்த பிரம்புக் கூடையிலிருந்து இன்னொன்றைத் தூக்கினாள். தலை பெரிது, கைகால் குச்சி. கறுத்த முடி. கால்கள் வில் மாதிரி வளைந்திருந்தன. அழக்கூடத் தெம்பில்லாமல் என்னையே பார்த்தது. தூக்கும்போது அதன் குல்லாய் கழன்று விழுந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் சத்தம் போட்டேன். என்னென்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன் நோஞ்சான் பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு என் பிள்ளையை வைத்துக்கொள்ளப் பார்க்கிறாயா, திருடி, என்றெல்லாம். அவளும் சும்மா இருக்கவில்லை. "பதினாலு மாசமா கேட்டு ஒருத்தரும் வரலை, இப்ப வந்து பொறுக்கி எடுக்குறீங்களா? சந்தையில ஆட்டுக்குட்டியா வாங்குறீங்க?" என்று கத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் அவள் பக்கம்தான். ஊர் மருத்துவச்சி ஒருத்தி என் மூக்குக்கு நேரே கையை நீட்டி, "இவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தவ நான். என் கையைப் பார்த்துப் பேசு!" என்றாள். ஊரே சேர்ந்து பொய் சொல்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. சாமியாரிடம் ஓடினேன். அவர் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்த புதியவர். எந்தக் குழந்தை எது என்று அவருக்குத் தெரியாது. முந்தைய சாமியார் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து மாதா மாதம் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்.

அங்கிருந்து, அந்த ஊர்ப் பிரபுவுக்காக வழக்கு விசாரிக்கும் நீதிக்காரர் முசியே ரபியோவின் வீட்டுக்குப் போனோம். இரண்டு குழந்தைகளையும் சமையலறை மேசைமேல் உட்கார வைத்தார்கள். நான் படத்தை விரித்தேன். ரபியோ படத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். சட்டென்று உள்ளே போய் அவர் மனைவியின் விசிறியை எடுத்து வந்து விரித்தார். அதிலும் நம் படம்தான்! "இது உங்க புருஷன் வரைஞ்சதா, மதாம்? அட, இதே முகம்தானே!" என்று அவர் மனைவி சவினியேனின்... அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். பெண்கள் எல்லோரும் சாட்சி சொல்ல முண்டினார்கள். ரபியோ கையை ஆட்டி அடக்கிவிட்டார். "குடியானவச்சிங்க ஒருத்திக்காக ஒருத்தி சத்தியம் பண்ணுவீங்க. காகிதம் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல" என்றார்.

தீர்ப்பு இது. பொன்முடிக் குழந்தையை நான் பாரிசுக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றது எத்மேயிடம் இருக்க வேண்டும். படம் உயிருள்ள நம் குழந்தையைப் பார்த்து வரைந்ததுதான் என்று நீங்கள் சத்தியம் செய்து எழுதி அனுப்ப வேண்டும். அது வந்ததும் பதிவேட்டில் எழுதி முடித்துவிடுவார்.

எத்மே படகுத்துறை வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். படகு கிளம்பும்போது, "ரொட்டியைப் பால்ல ஊற வெச்சு, நல்லா ஆற வெச்சுக் குடுங்க. சூடா இருந்தா துப்பிடுவான். இடப்பக்கம் சாய்ச்சுப் படுக்க வெச்சாத்தான் தூங்குவான்" என்றாள். அவ்வளவுதான். பால் கொடுத்தவளுக்கு இதெல்லாம் தெரியத்தானே செய்யும்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அவன் இப்போது என் காலடியில்தான் இருக்கிறான். உங்கள் பழைய தூரிகையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். படகில் மூன்று நாளும் அழுதான், நேற்றிலிருந்து அழவில்லை. தர்தீவெல் வந்து பார்த்துக் கையைத் தட்டினார். படத்தில் இருக்கும் குழந்தை நேரில் வந்திருக்கிறது என்று கடை வாசலில் எழுதி ஒட்டப் போகிறாராம்.

உங்களை நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் கண்டதைத்தான் வரைந்தீர்கள் என்று எழுதுங்கள். அதை மட்டும் எழுதுங்கள்.

ஆகாத்


கோப்பன்ஹேகன்
1764 ஜூன் 11

அன்புள்ள ஆகாத்துக்கு,

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

நீ கேட்டதை என்னால் எழுத முடியவில்லை.

அவன் பிறந்த மூன்றாம் நாள் அடுப்பருகே கட்டுகளை அவிழ்த்தேன் என்பது உண்மை. காவிக்கட்டியைக் கையில் எடுத்ததும் உண்மை. ஆனால் அங்கே இருந்த குழந்தை மஞ்சள் பூத்திருந்தது. மருத்துவச்சி இழுத்ததில் மண்டை நீண்டிருந்தது. கறுத்த முடி. இடது காது, புத்தகத் தாளின் முனை மடங்கியது போல மேல்பாதி மடிந்து ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே வரைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் வரைந்ததில்லை.

அப்போது நீ உள்ளே காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாய். "எப்படி இருக்கான், எப்படி இருக்கான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வைத்தியர் என்னை வாசலுக்கு அழைத்து, விடியும்வரை தாங்கினால் பார்க்கலாம் என்றார். அந்தப் படத்தை உன்னிடம் காட்ட எனக்குத் துணிவில்லை. அடுப்பில் போட்டேன். என் குருவின் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சுண்ணச்சாந்துச் சம்மனசு நம் அலமாரியில் இருந்ததே, அதை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வரைந்தேன். மேகமும் ரோஜாவும் என் கை தானாகவே போட்டது. பட்டறையில் பத்து வருடம் போட்ட மேகம் அது. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். பிழைத்தாய். பிறகு எப்படிச் சொல்வேன்? தர்தீவெல் கேட்டபோது கொடுத்தது மட்டும் மன்னிக்க முடியாத தவறு. ஊருக்கு வெளியே போகிறவனுக்குப் பேர் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த முகம் யாருடையதும் இல்லை, ஆகாத். கொழுத்த பிள்ளை எதை அதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். ரபியோவின் மேசையில் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாலும் பன்னிரண்டும் நம்முடையதாகத்தான் தெரிந்திருக்கும்.

ரபியோவுக்குத் தனியே ஒரு தாளில் சத்தியம் செய்து எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். படம் சாட்சியாகாது என்றும், என் மகனுக்கு இடது காது மடிந்திருக்கும் என்றும் அதில் இருக்கிறது. இதனால் தர்தீவெல் என் முகத்தில் விழிக்க மாட்டார்; இங்கே இருப்பவர்களுக்கும் தெரிந்துபோகும். போகட்டும். அதை அனுப்பிவிடு.

நீ திரும்பிக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். நானும்தான் திரும்பிக்கொண்டேன். என்னை மன்னித்தாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

சேசு உன்னைத் தேற்றுவாராக.

லம்பேர்


எத்மேயின் வீடு
1764 ஜூலை 29

என் கணவருக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஜூலை நான்காம் தேதி கடையில் என் கைக்கு வந்தது. அச்சுப்பொறியின் பக்கத்தில் நின்றே படித்தேன். "என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டார் தர்தீவெல். "எல்லாரும் சுகமான்னு கேட்டிருக்கார்" என்றேன். அவர் அப்போது ஒரு சீமாட்டிக்குக் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். ரோஜா மாலையைக் கையில் கொடுத்து, மெத்தைமேல் குப்புறப் போட்டிருந்தார்கள். சீமாட்டி, "ஐயோ, கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கே" என்றாள். அவன் என்னைப் பார்த்ததும் மாலையை எறிந்துவிட்டு, "மா" என்று கையை நீட்டினான்.

ரபியோவுக்கு நீங்கள் எழுதிய தாளை நான் அனுப்பவில்லை. ஒன்பது நாள் என் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்களோ கடலுக்கு அப்பால். அதை அடுப்பில் போட்டுவிட்டு, கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று உங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு தடவை அடுப்புவரை கொண்டும் போனேன். நீங்களும் அன்று அந்தப் படத்தோடு இந்த அடுப்பின் முன்னால்தான் நின்றிருப்பீர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காதை நான் அன்றே பார்த்தேன். குல்லாய் கழன்றபோது பார்த்தேன். என் பிள்ளைக்கு இப்படி ஒரு காது இருக்கவே இருக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் திரும்பினேன். உங்களுக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் தேதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதாம் பென்ஷார் கடைக்குப் போனபோது, வண்டிக்கார த்ருஷோ அங்கே ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நழுவப் பார்த்தான். நான் விடவில்லை. "எங்கிட்ட எதுக்கும்மா கேக்குறீங்க? உங்க பிள்ளைதான் உங்ககிட்ட இருக்கே. அங்க இருக்கிறது காய்ச்சல்ல கிடக்கு. எத்மேக்கு அழுது அழுது பால் வத்திப்போச்சு. ஊர்ல ஒருத்தரும் அது தாங்கும்னு சொல்லலை" என்றான்.

மதாம் பென்ஷார் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் வெள்ளை ரொட்டி இரண்டைத் துணியில் கட்டி என் கையில் வைத்து, "படகு பத்து மணிக்கு. ஓடு" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூன்று நாள் படகு. ஆற்றில் தண்ணீர் குறைந்து இரண்டு இடத்தில் தரை தட்டியது. குதிரைகளை மாற்றிக் கட்டி இழுத்தார்கள். அந்த நேரமெல்லாம் படகோட்டியை அடிக்கலாம் போல இருந்தது. கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்: ஒன்பது நாள் நான் வைத்திருந்த தாள். ஒன்பது நாளில் ஒரு குழந்தை எத்தனை வாய் பால் குடிக்கும்? சவினியேன் என் மடியில் தூங்கினான். இடப்பக்கம் சாய்த்துத்தான்.

வீட்டு வாசலில் எத்மே துணி பிழிந்துகொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் குழந்தையை நீட்டினேன். அவன் அவளை அடையாளம் தெரியாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன், லம்பேர். அந்த முகத்தை யாரும் வரையக் கூடாது. அவள் மெதுவாக அவன் முதுகில் கையை வைத்து ஏதோ ஒரு ராகத்தில் முணுமுணுத்தாள். சொற்கள் கூட இல்லை. அவன் திரும்பினான். பிறகு வீல் என்று கத்தி அவள் மேல் விழுந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்க பிள்ளை உசிரோட இருக்கான். உள்ள போங்க."

கூடை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளாட்டுப் பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்திருந்தாள். காய்ச்சல் முந்தின நாள்தான் இறங்கியதாம். நான் மண்டி போட்டு அவன் குல்லாயைக் கழற்றினேன். காதைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. அவன் என்னைப் பார்த்துப் பயந்து உதட்டைப் பிதுக்கினான். நான் அவனுக்கு யாரும் இல்லையே.

அன்று மாலையே ரபியோவிடம் போய்த் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்படின்னா காகிதமும் பொய் சொல்லுதா?" என்று என்னைக் கேட்டார். அவர் மனைவி விசிறியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பதிவேட்டில் சரியாக எழுதியாயிற்று. மருத்துவச்சி வாசலில் நின்று, "தொப்புள்கொடி அறுத்தவ சொன்னா கேக்கமாட்டாங்க, பொம்மை போட்டவன் சொன்னாத்தான் கேப்பாங்க" என்று ஊர் கேட்கச் சொன்னாள். சொல்லட்டும், பொறுத்துக்கொண்டேன்.

எத்மே என்னைத் திட்டுவாள் என்று நாள்தோறும் காத்திருந்தேன். ஒரு நாள் புல் அள்ளிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். "இவன் செத்திருந்தா என் பிள்ளை செத்ததா எழுதிப் புதைச்சிருப்பாங்க. என் பிள்ளை உங்களுக்கே ஆயிருப்பான். அதனால தூங்காம இவனைக் காப்பாத்தினேன். மொத வாரம் அப்படித்தான்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "அப்புறம் சும்மாத்தான் காப்பாத்தினேன்." நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அவள் புருஷன் வந்த அன்று நான் வைக்கோல் பரணில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது அவன் எனக்குச் சூப் ஊற்றித் தருகிறான், முகத்தைப் பார்க்காமல்.

அறுவடை முடியும்வரை பிர்மேனை அசைக்கக் கூடாது என்கிறாள் மருத்துவச்சி. அதனால் நானும் இங்கேயே இருக்கிறேன். பகலில் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் கை கொப்புளம் கண்டு, பற்சக்கரம் பிடிக்கும் கை போலவே இல்லை. கடைக்கு வர மாட்டேன் என்று தர்தீவெலுக்கு எழுதிவிட்டேன். அவர் படத்தின் அடியில் இருந்த வரியை மட்டும் தகட்டில் தேய்த்து அழித்துவிட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறாராம். உங்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார் என்று மதாம் பென்ஷார் எழுதினாள். என்ன வார்த்தை என்று நான் எழுதப்போவதில்லை.

பிர்மேனைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டாமா? பல் ஆறு. கால் இன்னும் வளைவுதான். வெயிலில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறேன். கோழியைக் கண்டால் சிரிக்கிறான். ஆட்டைக் கண்டால் கோபம். சவினியேன் அவன் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கினால் அழமாட்டான். கொஞ்ச நேரம் பொறுத்துச் சவினியேனின் தலைமுடியைப் பிடித்து இழுப்பான். என் கையிலிருந்து பத்து நாள் எதையும் வாங்கவில்லை. நேற்று மூன்று கரண்டி குடித்தான். நான்காவதைத் துப்பினான். எத்மே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உங்களை மன்னித்தேனா என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கடிதத்தில் கேட்காதீர்கள். பிர்மேன் இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறான். பயமா பழக்கமா என்று தெரியவில்லை. புருவத்தைச் சுருக்கும்போது உங்களைப் போலவே இருக்கிறது. செப்டம்பர் போனால் உங்கள் கடல் கெட்டுவிடும் என்று போன வருடம் எழுதினீர்கள். கூரையில் மீதியிருப்பதை வேறு யாரிடமாவது கொடுங்கள். அதற்குள் ஏதாவது ஒரு கப்பலில் ஏறிவிடுங்கள்.

எத்மேயும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். விசாரிக்கவில்லை, எழுத மட்டும்தான் சொன்னாள்.

கடல் நட்சத்திரமாகிய தேவமாதா உங்கள் கப்பலுக்குத் தெற்கே வீசும் காற்றைத் தரட்டும். வழியில் எங்கும் தங்காதீர்கள்.

ஆகாத்